குளோபல் ஸ்டேட்: எதை வைப்பது, எங்கே வைப்பது — ரியாக்ட் செயலிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேலே கார்ட் ஐகானில் 3 என்று காட்டுகிறது. தட்டி உள்ளே போனால் இரண்டு புத்தகங்கள்தான் இருக்கின்றன. ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி பழைய கதை. ஃப்ரன்ட்-எண்ட் வேலையில் ஓரிரு வருடம் இருந்தவர்கள் இதை ஏதாவது ஒரு வடிவில் பார்த்திருப்பீர்கள். செயலியில் மாறிக்கொண்டே இருக்கும் இப்படிப்பட்ட தகவலைத்தான் ஸ்டேட் என்கிறோம்; பல பகுதிகள் பகிர்ந்துகொண்டால் அது குளோபல் ஸ்டேட்.

ஃபேஸ்புக்கிலேயே இது நடந்திருக்கிறது. சாட் ஐகானில் புது மெசேஜ் ஒன்று வந்ததாகக் காட்டும், திறந்தால் எதுவும் இருக்காது. திருத்துவார்கள், வேறு வழியாகத் திரும்பி வரும். ஒரே தகவலைத் திரையின் பல பகுதிகள் ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டிருந்ததுதான் அடிப்படைக் காரணம். 2014-இல் ஃப்ளக்ஸ் என்ற முறையை அறிமுகப்படுத்தியபோது அவர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னதே இந்தக் கோளாறைத்தான். தகவல் ஒரே இடத்தில் இருக்கட்டும், மாற்றம் ஒரே திசையில் ஓடட்டும் என்பது அதன் சாரம். அடுத்த வருடம் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் அதையே சுருக்கி ரிடக்ஸ் என்ற லைப்ரரி ஆக்கினார்கள். தகவலை வைக்கும் அந்த ஒரே இடத்துக்கு ஸ்டோர் என்று பெயர்.

அதன் பிறகு வேறொரு சிக்கல் ஆரம்பித்தது. ஒரே இடம் என்று சொன்னதை, எல்லாமே அந்த இடத்தில் என்று பலர் எடுத்துக்கொண்டோம். ஏபிஐ பதில் (சர்வரிடம் கேட்டு வாங்கிய தகவல்), ஃபார்மில் தட்டும் ஒவ்வொரு எழுத்து, மெனு திறந்திருக்கிறதா இல்லையா, எல்லாம் ஸ்டோருக்குள். நான் பராமரித்த செயலிகளில் குளோபல் ஸ்டோரில் இருந்ததில் பெரும்பகுதி அங்கே இருந்திருக்கவே வேண்டாம். அதனால் இந்த வழிகாட்டி லைப்ரரியில் ஆரம்பிக்காது. முதலில் பிரித்தெடுப்போம், மிச்சம் இருப்பதற்கு மட்டும் ஸ்டோர் கட்டுவோம்.

எடுத்துக்காட்டுக்கு, திரைகளைக் கட்டும் லைப்ரரியான ரியாக்ட்டில் எழுதிய ஓர் ஆன்லைன் புத்தகக் கடை. சர்வர் தகவலுக்கு டான்ஸ்டாக் குவெரி, ஸ்டோருக்கு ஸுஸ்டாண்ட் என்ற லைப்ரரிகள். வ்யூ எழுதுபவர்கள் ஸ்டோர் என்று வரும் இடத்தில் பீனியா என்றும், ஆங்குலர் எழுதுபவர்கள் சிக்னல் அல்லது என்ஜிஆர்எக்ஸ் என்றும் வைத்துப் படிக்கலாம். முதல் நான்கு படிகள் எல்லோருக்கும் பொது.

படி 1: பட்டியல் எழுதுங்கள்

எடிட்டரைத் திறக்காமல் ஒரு தாளை எடுங்கள். செயலியில் மாறக்கூடிய ஒவ்வொரு தகவலையும் வரிசையாக எழுதுங்கள். நம் கடைக்கு இப்படி வரும்: புத்தகப் பட்டியல், தேடல் சொல், வகை வடிகட்டி, பக்க எண், லாகின் செய்தவர் யார், கார்ட், டெலிவரி முகவரி ஃபார்ம், மெனு திறந்திருக்கிறதா, இருண்ட தீம் வேண்டுமா, பழைய ஆர்டர்கள், திரையோரம் வந்து போகும் அறிவிப்பு.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதன் மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது, சர்வரிடமா ப்ரௌசரிடமா? இந்தப் பக்கத்தின் லிங்க்கை நண்பருக்கு அனுப்பினால் அவருக்கும் இது தெரிய வேண்டுமா? இதைக் கேட்கும் காம்பொனன்ட்கள் (திரையைக் கட்டும் தனித்தனித் துண்டுகள்) பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா, காம்பொனன்ட் மரத்தின் வெவ்வேறு கிளைகளிலா?

அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஸ்டோர் எழுதினால் ஆறு மாதம் கழித்து பல நாள் செலவழித்து இதே பட்டியலைக் கோடில் இருந்து தோண்டி எடுக்க வேண்டிவரும்.

படி 2: சர்வருக்குச் சொந்தமானதை வெளியே எடுங்கள்

புத்தகப் பட்டியல், பழைய ஆர்டர்கள், லாகின் செய்தவரின் விவரம் ஆகியவற்றின் மூலப் பிரதி சர்வரில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது, கேட்ட நொடியில் எப்படி இருந்ததோ அந்தப் பிரதி. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே விலை மாறலாம், இருப்பு தீர்ந்துபோகலாம். இதை ஸ்டோரில் போட்டவுடன் லோடிங், எரர், எப்போது மறுபடி கேட்பது, இரண்டு காம்பொனன்ட் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன செய்வது என்று அத்தனையையும் நாமே எழுத வேண்டியதாகிவிடும். அந்த வேலை முழுவதையும் டான்ஸ்டாக் குவெரி ஏற்றுக்கொள்கிறது. எஸ்டபிள்யூஆரும் ஆர்டிகே குவெரியும் இதே இனம்தான்.

பயன்பாடு எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சாவி கொடுக்கிறோம்: 'புத்தகங்கள், வகை வரலாறு, பக்கம் 2' என்பது ஒரு சாவி. அதே சாவியோடு மூன்று காம்பொனன்ட்கள் கேட்டாலும் சர்வருக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் போகும். பதிலை எது மாற்றுமோ அது எல்லாம் சாவிக்குள் இருக்க வேண்டும் என்பது இதில் மறக்கக் கூடாத விதி. வகையைச் சாவியில் சேர்க்க மறந்தால், வரலாறு என்று தட்டியவருக்குக் கவிதைப் பட்டியல் வந்து நிற்கும்.

இதன் இயல்பான அமைப்புகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. ஸ்டேல்-டைம் பூஜ்யம். அதாவது வந்த பதில் அந்த நொடியே பழசாகக் கருதப்படும். அதனால் வேறு டேபுக்குப் போய்த் திரும்பினாலே மறுபடி கோரிக்கை போகும். யாரும் பயன்படுத்தாத பதில் ஐந்து நிமிடம் நினைவில் இருந்து பிறகு நீக்கப்படும். கோரிக்கை தோற்றால் மூன்று முறை மறுபடி முயலும். புத்தக விவரத்துக்கு ஸ்டேல்-டைமை ஐந்து நிமிடம் வைக்கலாம், தப்பில்லை. இருப்பு எண்ணிக்கைக்கு முப்பது நொடிக்கு மேல் வைக்க எனக்கு மனம் வராது.

எழுதும் பக்கமும் இங்கேயே முடிந்துவிடுகிறது. வாசகர் மதிப்புரை அனுப்பினால், வெற்றி வந்ததும் அந்தப் புத்தகத்தின் மதிப்புரைச் சாவியைப் பழசாகிவிட்டது என்று குறிக்கிறோம், அது தானாகப் புதுசை வாங்கிக்கொள்ளும். விருப்பப் பட்டியலில் இதயத்தைத் தட்டுவது போன்ற வேலைகளில் பதில் வரும்வரை காத்திருந்தால் செயலி சோம்பலாகத் தெரியும். அங்கே முன்கூட்டியே திரையை மாற்றலாம். வரிசை முக்கியம்: அந்தச் சாவிக்காக ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகளை முதலில் ரத்து செய்யுங்கள், பழைய மதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு புது மதிப்பைப் போடுங்கள், தோற்றால் பழையதைத் திருப்பி வையுங்கள். ரத்து செய்வதை விட்டுவிட்டால், ஏற்கெனவே கிளம்பியிருந்த பழைய பதில் நடுவில் வந்து உட்கார்ந்து, சிவப்பான இதயம் ஒரு நொடி வெள்ளையாகி மறுபடி சிவக்கும்.

குவெரியின் இந்தக் கேஷில் (பதில்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவில்) இருப்பதை எடுத்து ஸ்டோரிலும் ஒரு பிரதி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரதி இரண்டானால் முதல் பத்தியில் பார்த்த கோளாறு அங்கேயே முளைத்துவிடும்.

படி 3: யுஆர்எல்லுக்கு உரியதை அதற்குக் கொடுங்கள்

தேடல் சொல், வகை, பக்க எண். இவற்றுக்கு யுஆர்எல்தான் குளோபல் ஸ்டேட். லிங்க்கைப் பகிர்ந்தால் அதே பட்டியல் வரும், ரீஃப்ரெஷ் செய்தாலும் இருக்கும், பேக் பட்டன் தானாக வேலை செய்யும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பக்க எண் மாறும்போது ப்ரௌசர் வரலாற்றில் புதுப் பதிவு சேரட்டும், பேக் அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போக வேண்டும். தேடல் சொல்லைத் தட்டும்போது இருக்கும் பதிவையே மாற்றி எழுதுங்கள். இல்லையென்றால் 'நாவல்' என்று தட்டியவர், பேக் அழுத்த அழுத்த ஒவ்வோர் எழுத்தாகப் பின்னோக்கிப் போவார். இன்னொன்று, யுஆர்எல்லில் இருந்து வருவதெல்லாம் வெறும் எழுத்துச் சரம். பக்கம் என்ற இடத்தில் 'அஆஇ' என்று யாரும் எழுதலாம். எண்ணா, ஒன்றுக்குக் குறையாததா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுங்கள்.

படி 4: கீழே இறக்க முடிந்ததை இறக்குங்கள்

முகவரி ஃபார்ம் அந்த ஃபார்மின் சொந்த விஷயம். மெனு திறந்திருக்கிறதா என்பது ஹெடரின் சொந்த விஷயம். காம்பொனன்டுக்குள்ளேயே தகவலை வைக்கும் யூஸ்-ஸ்டேட் போதும். இரண்டு காம்பொனன்ட்களுக்கு வேண்டுமென்றால் பொதுப் பெற்றோருக்கு ஏற்றினால் முடிந்தது. நாலு அடுக்கு தாண்டி ப்ராப்ஸ் (பெற்றோர் காம்பொனன்ட் குழந்தைக்குக் கொடுக்கும் மதிப்புகள்) கடத்த வேண்டியிருக்கிறதே என்று ஸ்டோருக்கு ஓடுவதற்கு முன், நடுவில் இருக்கும் லேஅவுட் காம்பொனன்ட்கள் சில்ட்ரனை (உள்ளே வைக்கும் காம்பொனன்ட்களை) வாங்கிக்கொள்ளும்படி மாற்றிப் பாருங்கள். பாதி நேரம் கடத்தலே தேவைப்படாமல் போகும்.

படி 5: மிச்சத்துக்குக் கருவி தேர்ந்தெடுங்கள்

தாளில் இப்போது மூன்றுதான் இருக்கின்றன: கார்ட், தீம், அறிவிப்பு. 'எங்கள் செயலி பெரியது' என்று நினைப்பவர்களும் படி 2, 3-ஐ நேர்மையாகச் செய்து பாருங்கள், கைப்பிடி அளவுதான் மிஞ்சும்.

தீமுக்கு ரியாக்ட்டின் கான்டெக்ஸ்ட் போதும். 2018-இல் 16.3 பதிப்பில் வந்த இன்றைய கான்டெக்ஸ்ட், அரிதாக மாறும் மதிப்பை ஆழத்துக்குக் கொண்டுசேர்க்க நல்ல வழி. அடிக்கடி மாறும் பெரிய ஆப்ஜெக்டை அதில் வைத்தால், அதில் ஒரு சின்ன மூலை மாறினாலும் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லா காம்பொனன்ட்களும் ரீ-ரெண்டர் ஆகும், அதாவது மறுபடி வரையப்படும். எனக்கு இந்த ஒரு துண்டு மட்டும் வேண்டும் என்று கேட்கும் வசதி அதில் இல்லை.

கார்ட்டுக்கு அந்த வசதி வேண்டும். ஸுஸ்டாண்ட் சின்னது, ப்ரொவைடர் என்ற உறை இல்லாமலே ஓடும், கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். பெரிய குழு, நிறைய விதிகள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டிய தேவை, இப்படியென்றால் ரிடக்ஸ் டூல்கிட் இன்றைக்கும் நல்ல தேர்வு. பழைய ரிடக்ஸில் எல்லோரையும் களைப்படையச் செய்த சடங்குகள் அதில் இல்லை. ஒன்றோடொன்று சார்ந்த சின்னச் சின்ன மதிப்புகள் நிறைய உள்ள வரைபடக் கருவி போன்றவற்றுக்கு ஜோட்டாய் பொருந்தும். ரீகாயில் மட்டும் புதிதாக எடுக்காதீர்கள், அந்த ரெபாசிட்டரி 2025 தொடக்கத்தில் மூடி வைக்கப்பட்டுவிட்டது.

ஸ்டோரை நானே எழுதிக்கொள்கிறேன் என்பவர்கள் ரியாக்ட் 18-இல் வந்த யூஸ்-சிங்க்-எக்ஸ்டர்னல்-ஸ்டோர் ஹுக் (காம்பொனன்டுக்குள் கூப்பிடும் ஃபங்ஷன்) வழியாகவே அதைக் கேளுங்கள். ரியாக்ட் இப்போது ரெண்டரை நடுவில் நிறுத்தித் தொடரக்கூடியது. நிறுத்திய இடைவெளியில் ஸ்டோர் மாறினால், ஒரே திரையில் ஒரு பாதி பழைய மதிப்பையும் மறுபாதி புது மதிப்பையும் காட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த ஹுக்.

படி 6: கார்ட் ஸ்டோரைக் கட்டுங்கள்

வாசகர் போனில் சேர்த்த கார்ட் லேப்டாப்பிலும் தெரிய வேண்டும் என்றால் கார்ட்டும் சர்வர் தகவல்தான், படி 2-க்குப் போய்விடும். நம் கடையில் பணம் கட்டும்வரை கார்ட் ப்ரௌசரிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வடிவம். கார்ட்டில் என்ன வைப்பது? புத்தகத்தின் தலைப்பு, விலை, அட்டைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கத்தான் கை போகும். புத்தக ஐடி, எத்தனை பிரதி, இந்த இரண்டை மட்டும் வையுங்கள். விலையைச் சேர்த்து வைத்தால், 250 ரூபாயாக இருந்தபோது சேர்த்தவருக்கு, 280 ஆன பிறகும் கார்ட் 250 என்றே காட்டும், பணம் கட்டும் பக்கத்தில் வேறு தொகை வரும். விலைக்கு உரிமையாளர் சர்வர். அந்த ஐடிகளை வைத்துக் குவெரியிடம் கேட்டு, ரெண்டர் நேரத்தில் பெருக்கிக்கொள்ளலாம். மொத்தத் தொகை, பிரதிகளின் கூட்டு எதையும் ஸ்டோரில் தனியாகச் சேமிக்கக் கூடாது. கணக்கிட முடிந்ததைச் சேமித்தால் ஒரு நாள் அது கணக்கோடு ஒத்துப்போகாது.

வரிசையாக அடுக்கும் அரேயை விட, ஐடியைச் சாவியாகக் கொண்ட ஆப்ஜெக்ட் நல்லது. ஒரே புத்தகத்தை இரண்டு முறை சேர்த்தாலும் இரண்டு வரி உருவாக வாய்ப்பே இருக்காது, எண்ணிக்கைதான் கூடும்.

அடுத்தது செயல்கள். 'சேர்', 'ஒன்று குறை', 'நீக்கு', 'காலி செய்' என்று வாசகர் செய்யும் காரியத்தின் பெயரில் நான்கு ஃபங்ஷன்கள் ஸ்டோருக்குள்ளேயே இருக்கட்டும். கார்ட்டை நேரடியாக மாற்றி எழுதும் ஒரு பொது ஃபங்ஷனை வெளியே கொடுக்காதீர்கள். கொடுத்தால், எண்ணிக்கை பூஜ்யமானால் வரியை நீக்க வேண்டும் என்ற விதியை ஐந்து காம்பொனன்ட்கள் ஐந்து விதமாக எழுதும், ஆறாவது மறந்துவிடும். உள்ளே மாற்றும்போது இருக்கும் ஆப்ஜெக்டைத் தொடாமல் புது ஆப்ஜெக்ட் கொடுங்கள். பழையதையே திருத்தினால், அதே ஆப்ஜெக்ட்தானே என்று ஸ்டோர் நினைத்துக்கொள்ளும், திரை அசையாது.

மூன்றாவது செலக்டர்கள், அதாவது ஸ்டோரில் இருந்து வேண்டிய துண்டை மட்டும் எடுத்துத் தரும் ஃபங்ஷன்கள். ஹெடரில் உள்ள ஐகானுக்கு எண்ணிக்கை மட்டும் போதும், அதை மட்டும் கேட்கட்டும். முழு ஸ்டோரையும் கேட்டால் எது மாறினாலும் ரீ-ரெண்டர். இரண்டு மதிப்பு வேண்டுமே என்று செலக்டருக்குள் புது ஆப்ஜெக்ட் ஒன்றைக் கட்டித் திருப்பினால் பெரிய பொறி. ஸுஸ்டாண்ட் 5-ஆம் பதிப்பில் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட், அதனால் மாறிவிட்டது, அதனால் மறு ரெண்டர் என்று முடிவில்லாமல் சுற்றி, அதிகபட்ச அப்டேட் ஆழம் தாண்டியது என்ற எரரில் நின்றுவிடும். இரண்டு செலக்டர்களாகப் பிரியுங்கள், அல்லது ஆப்ஜெக்டின் உள்மதிப்புகளை ஒப்பிடும் யூஸ்-ஷாலோவில் சுற்றுங்கள்.

ஆரம்பத்தில் கார்ட்டில் பார்த்த 3-க்கும் 2-க்கும் இங்கே திரும்ப வர வேண்டியிருக்கிறது. தகவல் ஒரே இடத்தில் இருந்தாலும் அந்தக் கோளாறு வர இன்னொரு வழி உண்டு. ஒரு காம்பொனன்ட் பிரதிகளைக் கூட்டுகிறது: ஒரு நாவல் இரண்டு பிரதி, ஓர் அகராதி ஒன்று, மொத்தம் 3. இன்னொன்று தலைப்புகளை எண்ணுகிறது: 2. இரண்டும் சரி, பார்ப்பவருக்கு இரண்டும் தப்பு. எனக்கு ஒரு முழு மதியத்தை விழுங்கிய விஷயம் இது. எண்ணிக்கை என்றால் என்ன என்பதை ஒரே செலக்டராக, ஸ்டோர் ஃபைலிலேயே எழுதி, எல்லோரும் அதையே கூப்பிடும்படி செய்யுங்கள்.

படி 7: சேமிப்பும் பல டேப்களும்

ரீஃப்ரெஷ் செய்தால் கார்ட் போய்விடக் கூடாது. ஸுஸ்டாண்டின் பெர்சிஸ்ட் மிடில்வேர் (ஸ்டோரோடு இணையும் கூடுதல் துண்டு) அதை ப்ரௌசரின் சேமிப்பான லோக்கல்-ஸ்டோரேஜில் எழுதிவைக்கும். எதைச் சேமிப்பது என்று வெளிப்படையாகத் தேர்ந்தெடுங்கள், கார்ட் வரிகள் மட்டும் போகட்டும். பதிப்பு எண்ணை முதல் நாளே கொடுங்கள். நாளைக்கு வடிவம் மாறும்போது, போன மாதம் வந்த வாசகரின் ப்ரௌசரில் பழைய வடிவம் காத்துக்கொண்டிருக்கும். பதிப்பைப் பார்த்து மாற்றித் தரும் ஃபங்ஷன் இல்லையென்றால் அவருக்கு மட்டும் வெள்ளைத் திரை வரும், உங்கள் மெஷினில் எல்லாம் சரியாக ஓடும். லாகின் டோக்கனை லோக்கல்-ஸ்டோரேஜில் வைக்க வேண்டாம். பக்கத்தில் நுழையும் எந்த ஸ்கிரிப்டும் அதைப் படிக்க முடியும். ஸ்கிரிப்டால் படிக்க முடியாத ஹெச்டிடிபி-ஒன்லி குக்கிதான் அதற்கு இடம்.

வாசகர் இரண்டு டேபில் கடையைத் திறந்திருக்கிறார். முதல் டேபின் நினைவில் இரண்டு புத்தகங்கள். இரண்டாவது டேபில் மூன்றாவதைச் சேர்க்கிறார், மூன்றும் சேமிப்பில் எழுதப்படுகின்றன. பிறகு முதல் டேபுக்கு வந்து நான்காவதைச் சேர்க்கிறார். அந்த டேபுக்கு மூன்றாவது தெரியாது. தன்னிடம் இருந்த இரண்டோடு நான்காவதைச் சேர்த்து எழுதிவிடுகிறது. மூன்றாவது புத்தகம் சத்தமில்லாமல் காணாமல் போனது. இதற்கு மருந்து ப்ரௌசரின் ஸ்டோரேஜ் ஈவென்ட். ஒரு டேப் எழுதினால் அதே தளத்தின் மற்ற டேப்களுக்கு இது போகும், எழுதிய டேபுக்குப் போகாது. அதைக் கேட்டு, பெர்சிஸ்டின் ரீஹைட்ரேட்டை (சேமிப்பில் இருந்து மறுபடி படிப்பது) கூப்பிட்டால் எல்லா டேபும் ஒன்றுபோல் இருக்கும்.

படி 8: லாக்-அவுட்

ஒரு பழைய ப்ராஜெக்டில் எங்களுக்கு நடந்தது இது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும் இடம். ஒருவர் லாக்-அவுட் செய்கிறார், அடுத்தவர் லாகின் செய்கிறார், முகவரிப் பக்கத்தில் ஒரு கணம் முன்னவரின் வீட்டு முகவரி தெரிகிறது. டோக்கனை மட்டும் அழித்திருந்தோம். கேஷில் பழைய பதில் அப்படியே இருந்தது. யாரோ ஒருவரின் முகவரியை இன்னொருவருக்குக் காட்டிவிட்டோம் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

அதனால் லாக்-அவுட்டை ஒரே ஃபங்ஷனாக எழுதுங்கள், வரிசையோடு. ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகளை ரத்து செய்யுங்கள். குவெரி கேஷ் முழுவதையும் காலி செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்டோரையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோங்கள். அதன் பிறகு சேமிப்பை அழியுங்கள். கடைசி இரண்டின் வரிசையை மாற்றினால், ஆரம்ப நிலைக்குப் போகும்போது பெர்சிஸ்ட் மறுபடி எழுதிவிடும். கடைசியில் லாகின் பக்கத்துக்கு ரவுட்டர் வழியாகப் போகாமல் முழுப் பக்க லோடாகப் போவதை நான் விரும்புகிறேன். நினைவில் எது ஒட்டியிருந்தாலும் அதோடு போய்விடும்.

படி 9: சர்வரில் ரெண்டர் செய்பவர்களுக்கு

ரியாக்ட் பக்கங்களைச் சர்வரிலேயே ரெண்டர் செய்யும் நெக்ஸ்ட் போன்றவற்றில், மாட்யூலின் மேலே உருவாக்கிய ஸ்டோர் சர்வரில் எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாகிவிடும். ஒருவரின் தகவல் இன்னொருவரின் பக்கத்தில் போகலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி ஸ்டோர் உருவாக்கி கான்டெக்ஸ்ட் வழியாகக் கொடுங்கள். லோக்கல்-ஸ்டோரேஜும் சர்வரில் இல்லை. அங்கே கார்ட் 0 என்று ரெண்டராகி, ப்ரௌசரில் 3 என்று வந்தால் ஹைட்ரேஷன் (சர்வர் அனுப்பிய பக்கத்தை ப்ரௌசரில் உயிர்ப்பிப்பது) பொருந்தாது என்று ரியாக்ட் எரர் காட்டும். பெர்சிஸ்டில் ஸ்கிப்-ஹைட்ரேஷனைப் போட்டு, காம்பொனன்ட் மவுன்ட் ஆன (திரையில் வந்த) பிறகு ரீஹைட்ரேட் செய்யுங்கள்.

படி 10: சோதனை, பிறகு பழைய கோடு

ஸ்டோர் ரியாக்ட்டுக்கு வெளியே வாழ்வதால் திரை இல்லாமலே சோதிக்கலாம். ஒரே புத்தகத்தை இரண்டு முறை சேர், எண்ணிக்கை 2 வர வேண்டும், வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு முறை குறை, வரியே இருக்கக் கூடாது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் ஸ்டோரை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள், இல்லையேல் முந்தைய சோதனையின் கார்ட் அடுத்ததில் வந்து நிற்கும். ரிடக்ஸ் டெவ்டூல்ஸ் நீட்சியை ஸுஸ்டாண்டோடும் இணைக்கலாம். செயல்களுக்குப் பெயர் கொடுத்தால்தான் அந்தப் பட்டியல் படிக்கும்படி இருக்கும்.

கையில் பழைய ரிடக்ஸ் செயலி இருந்தால் ஒரே வாரத்தில் பிடுங்கி எறிய நினைக்காதீர்கள். ரிடக்ஸும் குவெரியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். புதிதாக எழுதும் பக்கத்தில் குவெரியைக் கொண்டுவாருங்கள். பிறகு ஏபிஐ பதிலை மட்டும் வைத்திருக்கும் ஸ்லைஸ்களில் (ஸ்டோரின் பகுதிகளில்) மிகச் சிறியதை எடுத்து, அதைப் படிக்கும் காம்பொனன்ட்களை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசி ஆள் நகர்ந்ததும் அந்த ஸ்லைஸை அழியுங்கள். அதே தகவல் இரண்டு இடத்திலும் இருக்கும் இடைக்காலம் குழுவின் ஒரு வேலைச் சுற்றை (ஸ்ப்ரின்ட்) தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த ஸ்லைஸ்.